கை விளக்கில் இரண்டு சிவப்புக் கண்ணாடி

செல்லையா மச்சான், உங்களைப் பற்றி எழுதச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. விளக்கறைக்கு வந்திருக்கும் புதுப் பையன்கள் கேட்டது வேறு கேள்வி. அதற்குப் பதில் சொல்லப் போனால் உங்கள் பெயரைச் சொல்லாமல் முடியாது. அதனால் முதலிலேயே கூப்பிட்டுவிடுகிறேன்.

ஈப்போ ரயில் நிலையத்து விளக்கறையில் என் கத்தரிக்கோலும் மேல்துணியும் கிடந்தன. எடுத்துவரப் போயிருந்தேன். அங்கே சுவரில் ஓர் அட்டை தொங்கும். ‘சிவப்புக்கு ஒரு கண்ணாடி மட்டும். அதன் பின்னால் வேறெதுவும் வைக்கக் கூடாது’ என்று தமிழிலும் மலாயிலும் எழுதியிருக்கும். புதுப் பையன் ஒருவன் அதைக் காட்டி, “அண்ணே, எந்த மடையன்ணே ரெண்டு கண்ணாடி வெச்சான்? இதையெல்லாம் எழுதி மாட்டணுமாலா?” என்று கேட்டான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று யோசித்து இதை எழுதுகிறேன்.

எனக்கு இன்னும் முப்பது வயதாகவில்லை. இந்த வயதில் ஓய்வு பெற்றவன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. சிக்னல் கம்பத்து ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு போய்விட்டது. ஏணி ஏற முடியாதவனுக்கு விளக்கு வேலை கிடையாது. படித்தது தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அதனால் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலை கற்றுக்கொண்டதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அப்பா தோட்டத்தில் புல் வெட்டுகிறவர். நான் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகாமல் ரயில் வேலைக்கு வந்தேன். முதலில் மண்ணெண்ணெய் டின் சுமந்தேன். பிறகு திரி வெட்டினேன். பிறகு ஏணி ஏறினேன்.

திரி வெட்டுவது சின்ன வேலை என்று நினைப்பார்கள். திரியை நேராக வெட்டி, இரண்டு மூலையையும் துளி கிள்ளிவிட வேண்டும். கிள்ளாவிட்டால் சுடருக்குக் கொம்பு முளைக்கும். கொம்பு முளைத்தால் கரி பிடிக்கும். கரி பிடித்தால் டிரைவருக்கு விளக்கு இல்லை. ஏற்றியவுடன் திரியைத் தூக்கக் கூடாது. கண்ணாடி சூடு பிடிக்கும் வரை தாழ்வாக எரியவிட்டு, அப்புறம்தான் உயர்த்த வேண்டும். பழைய சிவப்புக் கண்ணாடி இருந்த காலத்தில் எல்லாரும் திரியை அளவுக்கு மேல் தூக்கித்தான் வைப்பார்கள். அந்தக் கண்ணாடி அவ்வளவு இருட்டு. வெறும் கண்ணாடிமேல் செம்பு போட்ட சிவப்பை மெல்லிய தோலாக ஏற்றியிருப்பார்கள். பகலில் பார்த்தால் காய்ந்த ரத்தம் மாதிரி இருக்கும். தோல் சுரண்டிப்போனால் அந்த இடத்தில் வெள்ளை வெளிச்சம் ஒழுகும்.

பிறகு புதுக் கண்ணாடி வந்தது.

கொண்டுவந்தவர் சிக்னல் இன்ஸ்பெக்டர் கனகசபை ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டையில் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படாமல் விளக்கறைக்குள் வந்துபோகிற ஒரே ஆள் அவர்தான். குரலை உயர்த்த மாட்டார். தப்பு செய்தவனைத் திட்டவும் மாட்டார். அவன் செய்த வேலையைத் தானே மறுபடி முதலிலிருந்து செய்வார். அவன் நின்று பார்க்க வேண்டும். அதற்குக் கன்னத்தில் இரண்டு அறை வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கும். எதைக் கேட்டாலும் அவர் சொல்வது ஒன்றுதான். “நீர் கண்டதைச் சொல்லும். நினைச்சதை எனக்குச் சொல்ல வேண்டாம்.”

அன்றைக்குப் பெட்டியைப் பிரித்து, வைக்கோலுக்குள்ளிருந்து ஒரு கண்ணாடியை எடுத்துக் கைக்குட்டையால் துடைத்தார்.

“இது செம்பு இல்லை. காட்மியம் எண்டு ஒரு உலோகம். செலீனியம் எண்டு இன்னொரு சாமான். ரெண்டும் கூடினால் காட்மியம் செலினைடு. இந்தச் சிவப்பு அதின்ர சிவப்பு” என்றார்.

“மேல பூசினதாங்க ஐயா?”

“இல்லை. உள்ளுக்கு முழுக்க. சுரண்டினாலும் போகாது. வெயில், மழை, விளக்குச் சூடு ஒண்டுக்கும் வெளிறாது. படம் கீறுற ஓவியர்மார் வாங்குற விலை கூடின சிவப்புச் சாயத்துக்குள்ளயும் இதுதான் கிடக்கு.”

அவர் சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு மறக்கவில்லை. அந்தக் கண்ணாடியை உருக்கி வார்க்கும்போது சிவப்பாக இருக்காதாம். தேன் மாதிரி மஞ்சளாகத்தான் வருமாம். ஆறின பிறகு திரும்பவும் உலையில் வைத்து அளவாகச் சூடு காட்டினால் சிவப்பு உள்ளிருந்தே கிளம்பி வருமாம். சூடு குறைந்தால் மஞ்சள் நிற்கும், கூடினால் கறுத்துவிடும். அந்த வேலை நடக்கிற இடத்தில் அழுகின முள்ளங்கி நாற்றம் அடிக்குமாம். “நான் மணந்ததில்லை. வாசிச்சதுதான்” என்று அதையும் பிரித்துச் சொன்னார்.

கண்ணாடி நல்லதா என்று பார்க்க அவர் வைத்திருந்த முறை எளிது. பச்சை விளக்கை ஏற்றி, அதைச் சிவப்புக் கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும். நல்ல கண்ணாடியாக இருந்தால் பச்சை அடியோடு மறைந்துபோகும். கொஞ்சம் மினுங்கினாலும் அதை ஒதுக்கிவிட வேண்டும். பெட்டி முழுவதையும் ஒவ்வொன்றாக அப்படிப் பார்த்தோம்.

நானே கவனித்தது ஒன்று உண்டு. விளக்கு குளிர்ந்திருக்கும்போது இந்தக் கண்ணாடி ஆரஞ்சு கலந்த சிவப்பாகத் தெரியும். சுடர் எரிந்து சூடேறச் சூடேற நிறம் ஆழமாகும். அணைத்தால் மெல்ல மெல்லப் பழையபடி ஆகிவிடும். தினமும் பார்க்கிறவனுக்கு அது தெரியும். பகலில் கையில் வாங்கிப் பார்க்கிறவனுக்குத் தெரியாது.

செல்லையா மச்சான் அதைப் பகலில்தான் பார்த்தார்.

அவர் என் அஞ்சலை அக்காவின் புருஷன். ஈப்போவிலிருந்து வடக்கே போகிற பாதையில், ரப்பர் தோட்டத்துச் சாலை தண்டவாளத்தைக் கடக்கிற இடத்தில் கேட்காரராக இருந்தார். கேட்டுக்குப் பக்கத்திலேயே அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட வீடு. அக்கா அந்தத் தோட்டத்தில் பால் வெட்டினார். கேட்காரர்களின் கை விளக்குகளுக்குப் புதுக் கண்ணாடி மாற்றும் வேலை என்னுடையது. அவர் விளக்குக்கும் நான்தான் மாற்றினேன்.

கண்ணாடியை வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

“என்னலா இது? தண்ணி ஊத்தின தேத்தண்ணி மாதிரி இருக்கு. இதுக்குப் பேரு சிவப்பா?”

“எரிஞ்சா சிவக்கும் மச்சான். பழசை விட ரொம்பத் தூரம் தெரியும்.”

“தூரத்துலேருந்து நானா பாக்கப் போறேன்? நான் விளக்குக்குப் பின்னாடி நிக்கிறவன்.”

அக்கா வாசலில் பால் வாளி கழுவிக்கொண்டிருந்தார். மச்சான் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துவிட்டு, “ஏய் அஞ்சல, உன் பொட்டைக் காணோம்!” என்று கத்தினார். உண்மைதான். சிவப்பைச் சிவப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் அடையாளம் தெரியாமல் போய்விடும்.

“உன் வாயில மண்ணைப் போட! அதைக் கீழ வை மொதல்ல!” என்று அக்கா வாளியோடு எழுந்து வந்தார்.

மச்சான் விடவில்லை. தோட்டத்துப் பக்கம் திரும்பி, “அடேயப்பா, மரமெல்லாம் கரிக்கட்டையா நிக்கிது. கங்காணி பாத்தா நெஞ்சு வெடிச்சிருவாரு” என்றார். மூன்று பேரும் சிரித்தோம். அன்றைக்கு அக்கா வீட்டில் கடலோர லூமுட்டிலிருந்து வந்த கருவாடு போட்டுக் குழம்பு. சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

பழைய கண்ணாடிகளைத் திருப்பி எடுத்துப் போக வேண்டும் என்பது விதி. எடுத்துப் போனேன். ஆனால் அவரிடம் முன்னமே உடைந்த பழைய கண்ணாடித் துண்டு ஒன்று வீட்டில் இருந்திருக்கிறது. அது எனக்குத் தெரியாது.

நடந்தது மழைக் காலத்தில், பொழுது சாயும் நேரம். ரப்பர் ஷீட் ஏற்றின மாட்டு வண்டி கேட்டைக் கடக்கும்போது சக்கரம் தண்டவாளத்துக்கும் பலகைக்கும் நடுவில் இறங்கிவிட்டது. ஈப்போவுக்கு வரும் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. மச்சான் வண்டிக்காரரிடம், “மாட்டை அவுத்து விடுங்கண்ணே, நான் ரயிலை நிறுத்துறேன்” என்று சொல்லிவிட்டுக் கை விளக்கை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தின் மேலேயே ஓடியிருக்கிறார். வளைவு தாண்டி நேர்ப் பாதையில் நின்று சிவப்பைக் காட்டி ஆட்டியிருக்கிறார். ரயில் நின்றது. கேட்டுக்கு முன்னாலேயே நின்றது. வண்டிக்காரருக்கும் மாட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ரயில் நின்ற இடம் மச்சான் நின்ற இடத்தைத் தாண்டி இருந்தது.

டிரைவர் அந்தோணி. எங்கள் தமிழ் ஆள்தான், ஈப்போவிலேயே சிலிபினில் குடியிருந்தார். சிவப்பைத் தாண்டி வண்டியை ஓட்டி ஆளைக் கொன்றான் என்று அவர்மேல் பேச்சு எழுந்தது. அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். விசாரணையில் அப்படியே முடிவானால் வேலை போவதோடு நிற்காது, ஜெயில்தான் என்று நிலையத்தில் பேசிக்கொண்டார்கள். “பக்கத்துல வர்ற வரைக்கும் எனக்கு ஒண்ணுமே தெரியலையே தம்பி. தெரிஞ்ச நொடியில பிரேக்கைப் போட்டேன்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நான் கையை உருவிக்கொண்டேன். அவர் பொய் சொல்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன். அந்தக் கண்ணாடி எவ்வளவு தூரம் தெரியும் என்று எனக்குத் தெரியுமே.

மச்சானின் காரியம் முடிந்த மறுநாள் கனகசபை ஐயா என்னைக் கூப்பிட்டார். “விளக்கு உம்முடைய அக்காட்ட கிடக்காம். தோட்டத்து ஆட்கள் பொறுக்கிக் கொண்டுபோய்க் குடுத்திருக்கினம். இருக்கிறபடி எடுத்துக்கொண்டு வாரும்” என்றார்.

போனேன். அக்கா விளக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தகரம் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. கண்ணாடி உடையவில்லை. வாங்கிப் பார்த்தேன். பகல் வெளிச்சத்தில் தேத்தண்ணி நிறமாக இருக்க வேண்டிய கண்ணாடி கறுத்துத் தெரிந்தது. விளக்கின் கதவைத் திறந்தேன். புதுக் கண்ணாடிக்குப் பின்னால் பழைய செம்புக் கண்ணாடித் துண்டு, கம்பியால் அழகாகக் கட்டி வைத்திருந்தது. ஆடாமல் இருக்க ஓரத்தில் துணி மடித்துச் செருகியிருந்தார். வேலை சுத்தமாக இருந்தது.

“அது என்னடா?” என்று அக்கா கேட்டார்.

“பழைய கண்ணாடி.”

“அவருதான் வெச்சாரு. புதுசு பத்தலைன்னு. ரெண்டும் சேந்தா நல்லா செவக்குதுன்னு எங்கிட்டக் காட்டினாரு. அதுக்கென்ன இப்ப?”

நான் சொன்னேன். ரெண்டு கண்ணாடி வைத்தால் நிறம்தான் ஏறும், வெளிச்சம் செத்துப்போகும், மழையில் டிரைவருக்குத் தெரிந்திருக்காது என்று சொன்னேன். அக்கா எழுந்து வாசல் கதவைச் சாத்தினார்.

“அதை எடுத்துரு.”

“அக்கா...”

“எடுத்துரு தம்பி. கம்பிய அவுத்தா தீந்துச்சு. யாரு பாத்தா?”

“அந்தோணியை உள்ள போட்டுருவாங்கக்கா.”

“போடட்டுமே! அவன் வீட்டுக்குப் போறான்ல? பொண்டாட்டி கையால சோறு தின்றான்ல? எம் புருசன் செத்தும் போயி, மடையன்னு பேரும் வாங்கணுமா? இத்தனை பேரைக் காப்பாத்தின மனுசன்டா அவரு. நாளைக்கு என்னா சொல்லுவாங்க? தன் விளக்கைத் தானே கெடுத்துக்கிட்டு செத்தான்னு சொல்லுவாங்க. நீ அவரு வீட்டுல சாப்பிட்டவன். எடுத்துரு.”

கையில் கம்பியின் முனை குத்திக்கொண்டிருந்தது. அவிழ்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. வெளியே யாரும் இல்லை. அக்கா சொன்னதில் பொய் எதுவும் இல்லை. நான் விளக்கின் கதவைச் சாத்தி, இருந்தபடியே எடுத்துக்கொண்டு வந்தேன். அக்கா தடுக்கவில்லை. “போ. போய் அவருக்குப் பேர் வெச்சிட்டு வா” என்றார்.

கனகசபை ஐயா விளக்கைத் திறந்து பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. “இனி நினைக்க வேண்டாம். பாப்பம்” என்றார்.

மழை பெய்யும் ஒரு மாலைக்காகக் காத்திருந்து, அதே இடத்துக்குப் போனோம். நசுங்கின விளக்கை எரிக்க முடியாது. அதே மாதிரி வேறொரு விளக்கை எடுத்து, அதே இரண்டு கண்ணாடிகளையும் அதில் மாட்டினார். திரியை என்னை வெட்டச் சொன்னார். சுடர் உயரம் அளந்தார். சூடு பிடிக்கும் வரை இரண்டு பேரும் குடைக்குக் கீழே நின்றோம். பிறகு விளக்கைத் தானே கையில் எடுத்துக்கொண்டு, மச்சான் நின்ற இடத்தில் நின்றார்.

“நீர் ரயில் வாற பக்கம் நடவும். வெளிச்சம் காணாமல் போற இடத்தில நில்லும். சந்தேகம் எண்டால் திரும்பி வந்து மறுபடி நடவும்.”

முதலில் ஒற்றைக் கண்ணாடி. நடந்துகொண்டே இருந்தேன். மதகைத் தாண்டினேன். சிக்னல் கம்பத்தைத் தாண்டினேன். திரும்பிப் பார்த்த போதெல்லாம் மழைக்குள் சிவப்புப் புள்ளி தெளிவாக நின்றது. அடுத்த வளைவு மறைக்கும் வரை அது போகவில்லை. அந்தத் தூரத்தில் எந்த டிரைவரும் சாவகாசமாக வண்டியை நிறுத்திவிடுவார்.

பிறகு இரண்டு கண்ணாடி. மதகை எட்டும் முன்னாலேயே விளக்கு இல்லை. கண் ஏமாற்றுகிறதோ என்று திரும்பிப் போய் மறுபடி நடந்தேன். அதே இடம்தான். ஐயா அங்கே விளக்கை ஆட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எனக்கு மழையும் இருட்டும்தான் தெரிந்தன.

கிட்டே வந்தபோது அது நல்ல சிவப்பாக இருந்தது. பக்கத்தில் நின்று பார்த்தால் அதைவிட நல்ல சிவப்பை நான் பார்த்ததில்லை. மச்சான் ஏன் அதை நம்பினார் என்று அப்போது விளங்கியது. செம்புக் கண்ணாடி பாதிக்கு மேல் வெளிச்சத்தைத் தானே தின்றுவிடும். செலினைடு கண்ணாடி மஞ்சள், பச்சை, நீலம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுச் சிவப்பை மட்டும் ஏறக்குறைய முழுதாக விட்டுவிடும். அதனால்தான் கையில் பார்க்க வெளிர், தூரத்தில் பார்க்கப் பளிச். முன்னால் புதுசை வைத்துப் பின்னால் பழசை வைத்தால் புதுக் கண்ணாடி இருந்தும் இல்லாத கணக்கு.

“அவர் விலகி நின்னிருக்கலாம் ஐயா” என்றேன். “ரயில் கிட்ட வந்த பிறகாவது குதிச்சிருக்கலாம்.”

கனகசபை ஐயா விளக்கை அணைத்தார். “தன்னைக் காணுறாங்கள் எண்டு நம்பினவன் ஏன் விலகப் போறான்?” என்றார். கண்டதை விட்டு நினைத்ததை அவர் சொல்லிக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

விசாரணை ஈப்போவில் நடந்தது. மேசைக்குப் பின்னால் துரைமார் இருந்தார்கள். அக்கா வெள்ளைச் சேலையில் வாசலோரம் நின்றார். அந்தோணி தலையைக் குனிந்துகொண்டு பெஞ்சில் இருந்தார். என்னைக் கூப்பிட்டபோது கனகசபை ஐயா வழக்கமான குரலில், “நீர் என்னத்தைக் கண்டனீர்?” என்று கேட்டார்.

விளக்குக்குள் கண்டதைச் சொன்னேன். மழையில் கண்டதைச் சொன்னேன். முடிந்ததும், “இன்னும் ஒண்ணு இருக்குங்க ஐயா” என்றேன். “அந்தக் கம்பி ரொம்ப ஒழுங்கா கட்டியிருந்துச்சு. திரி மூலை கிள்ளியிருந்துச்சு. விளக்குல ஒரு பொட்டுக் கரி இல்லை. கெடுக்கணும்னு யாரும் அப்படிக் கட்ட மாட்டாங்க.” அதை அவர் துரைமாருக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். அவர்கள் அதை எழுதினார்களா என்று எனக்குத் தெரியாது.

அந்தோணிமேல் குற்றம் இல்லை என்று முடிவானது. கேட்காரர் விளக்கை விதிக்கு மாறாக அமைத்திருந்தார் என்று முடிவானது. இரண்டும் ஒரே காகிதத்தில். அதற்குப் பிறகுதான் விளக்கறையில் அந்த அட்டை வந்தது.

வாசலில் அக்கா என்னைக் கடந்து போனார். “நல்லா இரு” என்று மட்டும் சொன்னார். லூமுட்டில் மச்சானின் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் ஏணியிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆள் அனுப்பினேன். வரவில்லை. அந்தோணி வந்தார். மாதா கோயிலில் மச்சானுக்காக ஞாயிறுதோறும் மெழுகுவத்தி ஏற்றுவதாகச் சொன்னார். “உங்க ஆளுங்களுக்கு எப்படி வேண்டணும்னு எனக்குத் தெரியாது தம்பி. எனக்குத் தெரிஞ்ச மாதிரி வேண்டிக்கிறேன்” என்றார்.

விளக்கறைத் தம்பிகளே, நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். இரண்டு கண்ணாடி வைத்தவர் பெயர் செல்லையா. கொடுத்த சிவப்பு போதாமல் யாராவது செத்துவிடுவார்களோ என்று பயந்து வைத்தார். அவர் செய்தது தப்பு. அந்த அட்டையை எடுக்க வேண்டாம். அதில் உள்ளபடியே செய்யுங்கள். மடையன் என்று மட்டும் சொல்லாதீர்கள். லூமுட்டில் ஒருத்தர் காதுக்கு அது எட்டிவிடக் கூடாது.

மழை பிடித்துக்கொண்டால் அவர் இன்னும் தண்டவாளத்தின் மேல் நிற்பதாக எனக்குத் தோன்றுகிறது. விளக்கை ஆட்டிக்கொண்டு, வருகிறவன் பார்த்துவிட்டான் என்று நம்பிக்கொண்டு நிற்கிறார். நான் கூப்பிட்டால் கேட்கவில்லை. இதைப் படிக்கிற நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, ஒரு தரம் அவருக்காக வேண்டிக்கொள்ளுங்கள். ரயில் நின்றுவிட்டது, மாடும் வண்டியும் பத்திரமாக இருக்கின்றன, இனி அவர் பாதையை விட்டு இறங்கலாம் என்று அவருக்குத் தெரியும்படி எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள்.